அண்ணியின் கட்டைவிரலும் நாத்தனாரின் கையும்

நாத்தனாரும் அண்ணியும் ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்தால் அது நடுவில் கிழியாமல் என்ன செய்யும் என்று கேட்காத வாய் அந்தச் சலவைக்கூடத்தில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், சமையலறைக்கும் பிணவறைக்கும் நடுவே இருந்தது அந்தக் கூடம். ஒரு பக்கச் சுவரை ஒட்டித் துவைக்கும் இயந்திரங்கள் வயிறு கலங்கியவை போல் உருண்டுகொண்டிருக்கும். நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு சூடான உருளை. ஈரமாக உள்ளே போகும் விரிப்பு மறுபக்கம் அப்பளம் போல் மொடமொடவென்று வரும். வந்த வேகத்தில் அதை இரண்டு பேர் பிடித்து, உதறி, நெருங்கி, மடித்து மேசையில் வைக்க வேண்டும். தரையில் ஒரு நூல் பட்டாலும் அது மறுபடி அழுக்குத் துணிதான். திரும்பவும் துவைக்கப் போக வேண்டும். நோயாளி படுக்கிற துணி என்பதால் அந்த விதியை யாரும் மீறுவதில்லை.

அங்கே எல்லாருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனார் கூப்பிட்டதைக் கேட்டுக் கூடமே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த பாய்லர்காரர்கூட, "அண்ணி, நீராவி வருதா?" என்றுதான் கேட்பார்.

அண்ணி கல்யாணமாகி வந்த வீடு இரண்டே அறை. இருந்த ஒரே அலமாரியில் கணவரின் தங்கை துணி வைத்திருந்தாள். புதுப்பெண் ஒரு நாள் அதையெல்லாம் எடுத்து ஒரு பெட்டியில் போட்டுப் பால்கனியில் வைத்தாள். அன்றைக்கென்று பார்த்து மழை பெய்தது. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. நாத்தனார் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனாள், அங்கிருந்தும் பேச்சில்லை. பிறகு அண்ணியின் கணவருக்கு முதுகுத்தண்டு பிசகி அவர் வீட்டோடு கிடந்தபோது, அடுப்பு எரிய வேண்டுமே என்று அண்ணி வேலை தேடி அலைந்தாள். சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் கணவர் சொன்னார். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போய் நின்றால், எதிரே விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாத்தனார் நிற்கிறாள்.

மாதக்கணக்கில் வாய் பேசாமல்தான் மடித்தார்கள். வாய் பேசாததால் கை பேச வேண்டியிருந்தது. நாத்தனார் தோளைச் சற்று இறக்கினால் உதறப் போகிறாள் என்று அர்த்தம். அண்ணி வலது காலை முன்னால் வைத்தால் மூலைகளை வாங்க வருகிறாள் என்று அர்த்தம். ஒரு நாள் உருளைக்குள் துணி சிக்கிப் புகை வந்தது. "அண்ணி, கையை எடுங்க" என்று நாத்தனார் கத்தினாள். கத்திய பிறகு வாயை மூடிக்கொள்ள அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து பேச்சு தொடங்கியது, தொடங்கியது நிற்கவில்லை. உருளைச் சத்தத்தையும் தாண்டி அவர்கள் ஒருவரையொருவர் வாரிக்கொள்வதைக் கேட்கவே சிலர் அந்தப் பக்கம் துணி தள்ளிக்கொண்டு வருவார்கள்.

வருஷங்கள் ஓடின. அண்ணியின் வலது கட்டைவிரல் ஓடவில்லை.

முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு பல் துலக்கும்போது பிரஷ் நழுவியது. ஜாடி மூடியைக் கணவரிடம் நீட்டினாள். அவர், "இதுக்குக்கூட நான் வேணுமா?" என்று பெருமையாகத் திறந்துகொடுத்தார், பூட்டில் சாவியைத் திருப்பச் சொன்னபோதுதான் அவளைக் கூர்ந்து பார்த்தார். வெளியே ஒரு டாக்டரிடம் காட்டினாள். விரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது, அது குதிரைச் சேணம் மாதிரி வளைந்த மூட்டு, மனிதன் கல்லையும் கோலையும் இறுக்கிப் பிடித்து வேலை செய்ததே இந்த விரலை வைத்துத்தான், குரங்குக்கு இது இவ்வளவு நீளம் கிடையாது என்றெல்லாம் அவர் ஆசையாக விளக்கினார். லட்சக்கணக்கான வருஷம் உழைத்து உருவான விரல் கடைசியில் என் கையில் வந்தா கெட்டுப்போக வேண்டும் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். வேலையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் உருளையின் முன்னால் போய் நின்றாள்.

நாத்தனாரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. உதறும்போது ஒரு முறை அண்ணியின் மூலை நழுவியது. அடுத்த விரிப்பிலிருந்து நாத்தனாரின் உதறல் மாறிவிட்டது. துணியில் எழும் அலை அண்ணியின் பக்கம் வந்து சேர்வதற்குள் செத்துவிடும். சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும் அவள் அதைத் தன் பக்கமே அடித்து எடுத்துக்கொள்வாள். அண்ணி நடந்து வர வேண்டிய தூரத்தையும் அவளே நடந்து வந்தாள். மூலைகளைக் கொடுக்கும்போது கட்டைவிரலில் வைக்காமல் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, அண்ணியின் இடது கை வந்து தாங்கும்வரை விடாமல் பிடித்திருந்தாள். இதெல்லாம் கண் இமைக்கும் நேரம். பக்கத்து மேசையில் நிற்பவர்களுக்கே தெரியாது. அண்ணி ஒரு முறை, "ஏண்டி இப்படி மெத்து மெத்துனு உதறுறே?" என்று கேட்டாள். "வயசாகுதுல்ல" என்றாள் நாத்தனார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் புது சூப்பர்வைசர் வந்தார்.

நகத்தைக் கடித்துக்கொண்டே பேசுகிற இளைஞர். கெட்டவர் இல்லை. தானாகவே மடிக்கும் இயந்திரம் ஒன்று வரப்போகிறது, பாதிப் பேர் போதும், யார் யாரை வைத்துக்கொள்வது என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று அவர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். இங்கே எல்லாரும் ஜோடி ஜோடியாகப் பழகிவிட்டார்கள், தனித்தனியாக யாருக்கு என்ன வேகம் என்று தெரியவில்லை, அதனால் ஜோடியை மாற்றி மாற்றி மடிக்க வைத்துப் பார்ப்பேன் என்றார். மீதிப் பேருக்கு வேறு இடம் கிடைக்குமாம்.

"வேற இடம்னா எங்க சார்?" என்று கேட்டாள் புல்டோசர். மூன்று மூட்டை ஈரத் துணியை ஒரே தள்ளாகத் தள்ளுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"அது மேல இருந்து சொல்வாங்க."

"மேலன்னா, கடவுளா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். அண்ணி மட்டும் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்குக் கனம் விரலில் இருந்தது. நாத்தனாரைத் தவிர வேறு யார் முன்னால் நின்றாலும் முதல் உதறலிலேயே துணி பறந்துவிடும். திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் ஒன்றுமே கேட்காதவள் போல் உருளையின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது, "பயப்படாதீங்க அண்ணி. முதல்ல நான்தான் போவேன். எல்லாக் கண்ணும் என் மேல இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை வீட்டில் மகள் தரையில் பெரிய அட்டையை விரித்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மனித இனத்தின் பரிணாம வளர்ச்சி நடக்கிறதாம். இடது பக்கம் கூனிக் குரங்காக ஒருவர், அடுத்தவர் சற்று நிமிர்ந்து, கடைசியில் வலது பக்கம் நேராக நிமிர்ந்த மனிதன். எல்லாரும் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணி வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை முக்கியபடி உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, இவ்வளவு தூரம் நடந்திருக்காங்க, ஒருத்தன்கூட இன்னொருத்தனைத் திரும்பிப் பாக்கலையே?"

"திரும்பினா மூஞ்சி வரையணும்மா. எனக்கு மூஞ்சி வராது."

படத்துக்குக் கீழே எழுத வேண்டியதை மகள் சத்தமாகப் படித்தாள். நிமிர்ந்து நடந்ததால் கைகள் விடுபட்டன. விடுபட்ட கைகள் வேலை செய்தன. வேலை செய்யச் செய்யக் கைகளும் மாறின. கூட்டமாக வேலை செய்தவர்கள் ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படித்தான் பேச்சு வளர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். உனக்கும் அத்தைக்கும் அப்படித்தானே என்று மகள் சீண்டினாள். எங்களுக்கு உல்டா, பேச்சு நின்ற பிறகுதான் சேர்ந்து வேலை செய்தோம் என்றாள் அண்ணி. கட்டிலில் இருந்த கணவர் சிரித்து, சிரித்ததில் முதுகு வலித்து, முனகினார்.

அண்ணி கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். விரலின் அடியில் எலும்பு புடைத்துத் தெரிந்தது.

"அந்தக் காலத்துல விரல் சரியில்லாம போனவன் என்ன ஆவான்?"

மகள் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "புக்ல இல்லம்மா. கூட இருந்தவங்க பாத்துக்கிட்டிருப்பாங்க. இல்லேன்னா புலி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அதற்குமேல் அண்ணியால் உட்கார முடியவில்லை. கட்டில் விரிப்பை உருவி, மறுமுனையை மகளிடம் கொடுத்து உதறச் சொன்னாள். மகள் சும்மா ஒரு உதறு உதறினாள். அண்ணியின் கையிலிருந்த மூலை, பிடித்தே இராதது போல் நழுவிப் போய் அட்டையில் நிமிர்ந்து நின்ற மனிதனின் மேல் விழுந்தது. விரலில் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். துணி நழுவவில்லை, விரலே கழன்று வருவது போல் வலித்தது. போதும் விடு என்றார் கணவர். அவர் குரலில் இருந்த பயம் அவளுடைய பயத்தோடு சேர்ந்துகொண்டது. இரண்டு பயமும் இரவெல்லாம் அந்த இரண்டு அறைகளில் நடமாடின.

மறுநாள் காலை சோதனை தொடங்கியது. சொன்னபடி நாத்தனார் முதலில் போனாள். அவளுக்கு எதிரே புல்டோசர். கூடத்திலேயே கை வேகம் நாத்தனாருக்கு, பிடி புல்டோசருக்கு; நல்ல ஜோடி என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். நாத்தனார் நன்றாகச் செய்தால் அந்தக் களேபரத்தில் தன் முறை எப்படியாவது கரைந்துபோகாதா என்று அண்ணி வேண்டிக்கொண்டாள்.

உருளையிலிருந்து முதல் விரிப்பு வந்தது. இருவரும் முனைகளைப் பிடித்தார்கள். புல்டோசர் ஓங்கி ஒரு உதறு உதறினாள். நாத்தனாரின் பக்கத்திலிருந்து பதில் உதறல் வரவில்லை. அலை அவள் கைக்குள்ளேயே செத்தது. துணி நடுவில் சுருண்டு தரையைத் தொட்டது. "சரி, அடுத்தது" என்றார் சூப்பர்வைசர். அடுத்ததில் நாத்தனார் முழுத் தூரமும் தானே நடக்கப் போகிறவள் போல் எட்டு வைத்தாள். எதிரிலிருந்து புல்டோசரும் நடந்து வந்ததால் இருவரும் பாதி வழியிலேயே முட்டிக்கொண்டார்கள். துணி தொய்ந்து மறுபடி தரையில் விழுந்தது. "யக்கா, நான் என்ன மாப்பிள்ளையா, ஓடி வந்து கட்டிக்கிறீங்க?" என்றாள் புல்டோசர். ஒரே சிரிப்பு. மூன்றாவதில் மூலைகளைக் கொண்டுபோய் புல்டோசரின் இரு விரல்களுக்கு நடுவே செருகினாள் நாத்தனார். புல்டோசரின் கட்டைவிரல் வேறு இடத்தில் ஆவென்று திறந்து காத்திருந்தது. மூலை இரண்டுக்கும் நடுவில் கீழே போனது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தரையில் பட்ட விரிப்புகள் சுவரோரம் குவிந்தன. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் கைகளைப் பார்த்தாள், யாரோ அவளுக்குத் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டுப் போன கைகளைப் பார்ப்பது போல. நிதானமாகச் செய், ஓங்கி உதறு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொள்வது உதட்டசைவில் தெரிந்தது. கை கேட்கவில்லை. அது அண்ணியின் கைக்காகவே இத்தனை காலம் வளைந்து, மெலிந்து, காத்திருந்து பழகிய கை.

நாத்தனார் தனக்கு உதவுகிறாள் என்றுதான் இத்தனை நாள் அண்ணி நினைத்திருந்தாள். தன் விரலின் நோய் காற்றில் நடந்துபோய் அவள் கையில் குடியேறியிருப்பதை இப்போதுதான் பார்த்தாள்.

சூப்பர்வைசர் நகத்தைக் கடித்தார். "நீங்கதான் இங்கயே பெஸ்ட்னு சொன்னாங்களே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். டீ குடித்துவிட்டு வாருங்கள், அடுத்தது அண்ணி என்றார்.

நீராவிக் குழாய்கள் ஓடும் சந்தில் நாத்தனார் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பேசினாள்.

"நீங்க இப்ப உள்ள போய் எதுவும் சொல்லப் போறதில்ல. புரியுதா? வாயைத் திறந்தீங்க, நான் பழைய நாத்தனாரா மாறிடுவேன்."

"உன்னை அனுப்பிடுவாங்கடி."

"அனுப்பட்டும். எனக்கு ரெண்டு கை இருக்கு, எங்கயாவது பொழைச்சுக்குவேன். உங்க கைக்கு எவன் வேலை குடுப்பான்? வயிறு வலிக்குதுன்னு சொல்லி இன்னிக்கு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வேற ஏதாவது யோசிக்கலாம்."

அண்ணிக்கும் அது சரி என்றே பட்டது. வீட்டுக்குப் போய்விடலாம். கணவர் எதுவும் கேட்க மாட்டார். இந்த மாதம் ஓடிவிடும். ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு நாள் சோறு. ஆனால் நாத்தனாரின் கையில் இருந்த டீ தம்ளர் கண்ணில் பட்டது. மூலையைக் கொடுப்பது போலவே அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்திருந்தாள். தனக்கே தெரியாமல், தன் வீட்டில் டீ குடிக்கும்போதுகூட அவள் இப்படித்தான் பிடிக்கிறாள் போலிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அண்ணியால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

சுவரோரக் குவியலிலிருந்து ஒரு விரிப்பை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரின் அறைக்குப் போனாள். அது அறைகூட இல்லை. மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கூண்டு. உள்ளே அவர் போனில் யாரிடமோ, "சரி சார், சரி சார், முடிச்சிடறேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்தபோது அவர் முகமும் வியர்த்திருந்தது.

"சார், எந்திரிச்சு இதைப் பிடிங்க" என்றாள் அண்ணி.

அவர் குழப்பத்தோடு எழுந்து பிடித்தார். உதறச் சொன்னாள். வாழ்நாளில் துணி உதறியிராத மனிதர், தயங்கித்தான் உதறினார். அதற்கே அண்ணியின் பக்கம் மூலை நழுவி விழுந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. பிறகு அவள் கட்டைவிரலை அவர் முன் நீட்டினாள். இந்த விரலுக்காக நாத்தனார் எப்படி உதறினாள், எப்படி நடந்தாள், மூலையை எங்கே செருகினாள் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். கண்ணாடிக்கு வெளியே கூடமே நின்று பார்த்தது. நாத்தனார் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ரொம்ப நாளா சார்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"தெரியாமத்தானே சார் செஞ்சோம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் வேகம் போதாது என்று எழுதப் போனவனை இப்போது இரண்டு பேரென்று எழுத வைக்கிறீர்களே என்று தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் வேகம் போதாதவள் இல்லை, இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்துகொண்டிருந்தவள் என்றாள் அண்ணி. அப்படி எழுத இந்தப் படிவத்தில் கட்டம் இல்லையே அம்மா என்றார் அவர். ஏளனமாகச் சொல்லவில்லை; உண்மையிலேயே இல்லை. சற்று நேரம் நகத்தைக் கடித்த பிறகு, தன்னால் முடிந்ததைச் சொன்னார்: நாளைக் காலை நாத்தனார் மறுபடி புல்டோசரோடு மடிக்கலாம். சரியாக வந்தால் இன்றைக்கு நடந்ததை அவர் பார்க்காததாக வைத்துக்கொள்வார். அண்ணியின் விரலை ஆஸ்பத்திரி டாக்டர் பார்ப்பார். விரல் தேவைப்படாத வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன், இருக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றார்.

அண்ணி வெளியே வந்தபோது நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மதியம் முழுவதும் பார்க்கவில்லை. அவர்கள் பக்கத்தில் உருளைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அலமாரிச் சண்டைக் காலத்து மௌனம் திரும்பி வந்துவிட்டது என்று பக்கத்து மேசையில் கிசுகிசுத்தார்கள்.

ஷிப்ட் முடிந்து மற்றவர்கள் கிளம்பினார்கள். உருளையை அணைத்த பிறகும் அதன் சூடு கூடத்தில் நின்றது. அண்ணி, தரையில் பட்டதென்று ஒதுக்கியிருந்த விரிப்பு ஒன்றை உருவி, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பிடிடி."

"எதுக்கு?"

"நாளைக்குக் காலையில நீ என்னை மறந்திருக்கணும். எதிர்ல நிக்கிறது புல்டோசர்னு நினைச்சுக்க. ஓங்கி உதறு."

நாத்தனார் முனையை வாங்கினாள். தோளை இறக்கினாள். உதறினாள், அலை பாதி வழியில் செத்தது. "இது எனக்கு" என்றாள் அண்ணி. "எனக்கு வேணாம். மறுபடி." மறுபடியும் செத்தது. அடுத்தது முக்கால் தூரம் வந்து நின்றது. நாத்தனாரின் கண்கள் கலங்கியிருந்தன. அண்ணி அதைக் கவனிக்காதவள் போல் காலை ஊன்றி நின்றாள். "அலமாரியில இருந்த உன் துணியை எடுத்து மழையில வெச்சவ நான்தான்டி. அதை நினைச்சு உதறு" என்றாள்.

நாத்தனார் உதறினாள். விரிப்பு சாட்டையடி போல் சத்தம் எழுப்பி, அண்ணியின் கையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. விரலின் அடியிலிருந்து முழங்கைவரை தீயாக ஓடியது வலி. நாத்தனார் பதறி ஓடி வந்தாள்.

"அங்கயே நில்லு" என்றாள் அண்ணி. "பாதித் தூரம்தான் நீ வரணும்."

குனிந்து துணியை எடுத்தாள். மூலையை விரல்களுக்குள் திணித்துக்கொண்டு, திரும்ப வந்து தன் இடத்தில் நின்றாள்.

"இன்னும் ஓங்கி" என்றாள்.